கல் வழிகாட்டித் தூணைப் பழுதுபார்க்கச் சிமெண்ட் வேண்டாம்

படகுகளுக்கு வழிகாட்டக் கடல் பார்த்து நிற்கும் பழைய கல் தூண்கள் பல, பிற்காலத்தில் யாரோ நல்ல மனதோடு பூசிய சிமெண்டால்தான் வேகமாக உதிர்கின்றன. கல்லுக்குள் உப்புநீர் ஏறுவதை எந்தப் பூச்சாலும் முழுக்கத் தடுக்க முடியாது. கல்லும் கல்லும் சேரும் மூட்டில் சுண்ணாம்புச் சாந்து இருந்தால் ஈரம் அதன் வழியே வெளியேறும், உப்பும் அங்கேயே படிந்து சாந்துதான் மெல்லக் கரையும். சாந்தைப் புதுப்பிக்கலாம், கல்லைப் புதுப்பிக்க முடியாது. சிமெண்ட் அடைத்துக்கொண்டால் ஈரம் கல்லின் முகம் வழியாக வர வேண்டியதுதான். அங்கே உப்பு படிகமாகிக் கல்லைத் தகடு தகடாகக் கழற்றிவிடும். மூட்டு துருத்தி, கல் குழிந்து நிற்கும் தூண்களில் நடந்தது இதுவே.

கை வைக்கும் முன் நான்கு பக்கமும் அளவுகோலோடு படமெடுத்து, கல்லுக்குக் கல் எண் கொடுத்து, தூக்குக்குண்டு விட்டுச் சாய்வைக் குறித்துக்கொள்ளுங்கள். உயரம், உச்சியின் வடிவம், நிறம் மூன்றும் மாறவே கூடாது. படகுக்காரர்கள் இதை இன்னொரு அடையாளத்தோடு நேர்கோட்டில் வைத்துத்தான் பாறைகளுக்கு நடுவே கரை பிடிக்கிறார்கள். சாரம் கட்டினாலே தூணின் உருவம் மாறித் தெரியும், அதனால் மீனவர்களுக்கும் துறைமுகத்துக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பழைய சிமெண்டை உளியும் சிறு சுத்தியும் கொண்டே எடுங்கள். கிரைண்டர் குறுகிய மூட்டில் கல்லின் ஓரத்தை அறுத்துவிடும். மூட்டின் அகலத்தைப் போல இருமடங்கு ஆழம், குறைந்தது 25 மி.மீ. தோண்ட வேண்டும். சிமெண்டோடு கல்லும் பெயர்ந்து வந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

வெளியே பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து மறுபடி உள்ளே போகும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஊறிய காகிதக்கூழைக் கனமாக அப்பி, காய்ந்ததும் உரித்தெடுத்து, இன்னும் ஓரிருமுறை அப்படியே செய்யலாம். ஓதம், அதாவது கடல் நீர்மட்ட ஏற்றம், தொடும் மட்டத்துக்குக் கீழே இது வீண் வேலை, அடுத்த ஓதமே உப்பை நிரப்பிவிடும்.

சாந்துக்கு, நீரேற்று இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய கரடுமுரடான மணல் இரண்டரைப் பங்கு. கடற்கரை மணல் ஆகாது, அதுவே உப்பு. 1759-இல் முடிந்த இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்குப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் இத்தகைய சுண்ணாம்போடு இத்தாலிய எரிமலை மண்ணைச் சமபங்கு கலந்தார். ஓதம் தொடும் மட்டத்தில் இன்றும் அந்த வகைக் கலவையையே நம்பலாம். அங்கே நீர் வடிந்தவுடன் வேலையைத் தொடங்கி, நீர் திரும்புமுன் மூட்டைப் பலகையால் மூடிக் கட்டிவிடுங்கள்.

பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் சேருங்கள். மூட்டை முதலில் நனைத்து, ஆழமானதை அடுக்கடுக்காக அழுத்தி நிரப்புங்கள். கடற்காற்றில் வேகமாக உலர்ந்த சாந்து மாவாகிவிடும், ஆகவே குறைந்தது ஒரு வாரம் ஈரச் சாக்கு மூடியிருக்க வேண்டும். உள்ளே கற்களைப் பிணைக்கும் பழைய இரும்புப் பற்றுகள் இருந்தால் அவை துருப்பிடித்து வீங்கிக் கல்லைப் பிளக்கும். அவற்றை 316 ரகத் துருவேறா எஃகால் மாற்றுங்கள்.

வெள்ளையடிக்க பால்போல் நீர்த்த சுண்ணாம்பை ஐந்தாறு கை அடியுங்கள், ஒவ்வொரு கைக்கும் நடுவே ஒரு நாள் விட்டு. பிளாஸ்டிக் பெயிண்ட் சிமெண்டைப் போலவே ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.