நாப்கின் பதிவேட்டில் இல்லாத பெயர்கள்

தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். ஊருக்கு நான் நர்சம்மா. குழந்தைத் திருமணம் என்றாலே கலெக்டர் ஜீப்பும் கடைசி நிமிடத்தில் நின்றுபோன தாலியும்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு அந்தச் சேதி வரும் வழியே வேறு.

புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட் நாப்கின். படிக்கிற பெண்களுக்குப் பள்ளியிலேயே கிடைத்துவிடும். படிப்பை விட்டவர்களுக்கு ஊரில் நாங்கள் கொடுப்போம். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த பிறகு ஒரு பெயர் பள்ளிப் பட்டியலிலும் இல்லை, ஊர்ப் பட்டியலிலும் இல்லை என்றால் எனக்கு அடிவயிறு கலங்கும். கேட்டால், "ஆயா வீட்டுக்குப் போயிருக்குது" என்பார்கள். வைகாசியில் போன பேத்தி ஆடி பிறந்தும் திரும்பாவிட்டால் அதற்கு மேல் கேட்கவே வேண்டாம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. எது நடக்க வேண்டுமோ அது முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும்.

பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று எந்தப் பக்கம் போனாலும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போன வீடுகள் இருக்கும். வயசுக்கு வந்த பெண்ணைக் கிழவியிடம் விட்டுப்போக அம்மாவுக்குப் பயம். அந்தப் பயம் பொய்யில்லை. பஸ்ஸில் உரசுகிறவன், தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போகும்போது கையைப் பிடிப்பவன், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறவன் என்று பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன்கள் பாட்டுக்கு ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான்கள். பெண்தான் பதினாறு வயதில் தாலியோடு ஊரைவிட்டுப் போகிறாள். "பாதுகாப்புக்குத்தான் கட்டிக் குடுத்தோம் நர்சம்மா" என்று சொல்லும் அம்மாவைத் திட்ட எனக்கு மனசு வராது. ஆனால் அந்தப் பாதுகாப்பு எப்படிப்பட்டது என்பதை அவளுடைய மகளின் கர்ப்பப் பதிவு அட்டையில் பார்க்கிறவள் நான். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே, எடை நாற்பதைத் தாண்டாது, அடி வாங்கிய தழும்பைக் கேட்டால் "மாடு முட்டிடுச்சு" என்ற பதில். தாய்மாமனுக்கே கொடுத்திருந்தால் அவளால் அம்மாவிடம்கூடச் சொல்ல முடியாது. அம்மாவின் தம்பியைப் பற்றி அம்மாவிடமே எப்படிப் புகார் சொல்வாள்?

2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மனைவியே ஆனாலும் 18 வயது நிறையாதவளோடு உறவு வைத்தால் அது வன்புணர்வுதான். ஆகவே பதினாறு வயதுக் கர்ப்பிணி என் முன்னால் வந்து உட்கார்ந்தால் அது போக்சோ. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012ஆம் வருடச் சட்டம். தெரிந்தவர் யாராக இருந்தாலும் தகவல் கொடுத்தே ஆகவேண்டும், மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை. இதில் எனக்கு எதிர்க்கருத்து இல்லை. மறைக்கலாம் என்று விட்டால் முதலில் மறைக்கப்படுவது சொந்தக்காரன் செய்த கொடுமைதான்.

ஆனால் சங்கடமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது என் வேலை. பதிவு செய்தால் போலீஸ் வரும் என்பது ஊருக்கே தெரியும். அதனால் என்னைக் கண்டாலே கதவு சாத்துகிறார்கள். ஓசூர் தாண்டி, கர்நாடகத்து ஆனேக்கல் பக்கம் வாடகை வீடு பிடித்துக் கொண்டுபோய் வைக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழுக்குப் பதிவு எண் வேண்டும் என்று யாரோ சொன்ன பிறகு, ஆறாம் மாதமோ ஏழாம் மாதமோ, பிறந்த வருடம் மாற்றிய ஆதாரோடு வருவார்கள். இளைஞர் நீதிச் சட்டப்படி வயதுக்கு முதலில் பார்க்க வேண்டியது பள்ளிச் சான்றிதழைத்தான். அதைக் கேட்டால், "மழையில நனைஞ்சு போச்சு." எங்கள் பக்கம் மழை பெய்வதே அபூர்வம், நனைந்த டி.சி. மட்டும் வீட்டுக்கு வீடு! பதிவு தள்ளிப்போன அந்த மாதங்களில் அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை இல்லை, பி.பி. பார்க்க ஆளில்லை. யாரைக் காப்பாற்றச் சட்டம் வந்ததோ, அவளே என்னிடமிருந்து ஒளிந்துகொள்கிறாள்.

கருக்கலைப்புக்கு வருகிறவளுக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. அவளும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் போலீசுக்குப் போகும் தகவலில் டாக்டர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளை பெற்றுக்கொள்ளப் போகிறவளும் அதே வயதுக்காரிதானே என்று எனக்குத் தோன்றும்.

என்னால் முடிந்தது ஒன்றைச் செய்கிறேன். போனை எடுப்பதற்கு முன்னால் பெண்ணிடம் தனியாகச் சொல்லிவிடுவேன். தகவல் கொடுக்கப் போகிறேன், யார் வருவார்கள், என்ன கேட்பார்கள், எதற்கு அவள் பயப்பட வேண்டியதில்லை, எல்லாம். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோ கேட்க வேண்டும், கூடுமானவரை பெண் எஸ்.ஐ. வரவேண்டும், சீருடையில் வரக்கூடாது, ராத்திரியில் ஸ்டேஷனில் வைக்கவே கூடாது என்று போக்சோவிலேயே இருக்கிறது. சீருடையோடு வந்தவர்களிடம் இதைச் சொல்லி முகச்சுளிப்பை வாங்கிக்கொண்டதுண்டு. ஆனால் இது எங்கள் மாவட்டம். அரூர் வட்டத்து வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்கள் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று உள்ளே புகுந்தவர்கள் சீருடைக்காரர்கள். 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2011 ஆயிற்று. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு பாட்டி காக்கியைப் பார்த்ததும் பேத்தியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினால், அதை ஒத்துழையாமை என்று எழுதுகிறவரோடு சண்டை போடத்தான் வேண்டும்.

கல்யாணம் நடப்பதற்கு முன்னாலேயே தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்வேன். மகளிர் ஊர்நல அலுவலர், குழந்தைகள் உதவி மைய ஆட்கள், போலீஸ் எல்லோரும் வருவார்கள். 18 முடியும்வரை கட்டிக்கொடுக்க மாட்டோம் என்று எழுதி வாங்குவார்கள். அந்தக் காகிதத்தின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பந்தலைப் பிரித்துவிட்டு மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் விடியற்காலையில் முடித்துவிடுவார்கள். 2006ஆம் வருடக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் தடையாணை வாங்கலாம். அதை மீறித் தாலி கட்டினால் அந்தக் கல்யாணமே செல்லாது. மற்றபடி நடந்துபோன குழந்தைத் திருமணத்தை ரத்து செய்ய அந்தப் பெண்ணே கோர்ட்டுக்குப் போகவேண்டும், அதுவும் இருபது வயதுக்குள். கையில் பிள்ளையோடு எவள் போவாள்? சந்தேகமுள்ள வீடுகளுக்காவது எழுதி வாங்குவதோடு நிற்காமல் தடையாணைக்குப் போக வேண்டும் என்று கூட்டங்களில் சொல்கிறேன். குறித்துக்கொள்கிறார்கள்.

அப்படி நின்ற கல்யாணத்தில் ஒரு பெண் பிளஸ் டூ முடித்து இப்போது கலைக்கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அவளுக்குக் கார்த்திகையில் 18 முடிகிறது. அப்பா தை முகூர்த்தத்துக்கு மண்டபம் பேசிவிட்டார், மாப்பிள்ளை அதே ஆள். "சட்டம் சொன்னபடி கேட்டுட்டேன் நர்சம்மா, இன்னும் என்ன?" என்கிறார். "டிகிரி முடிக்கணும்க்கா, அவனை எனக்குப் பிடிக்கவும் இல்ல" என்கிறாள் அவள். பெண்களுக்கான உதவி எண் 181ஐக் கொடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அவள் கேட்பது போலீசை இல்லை, அப்பாவிடம் யாராவது பேச வேண்டும் என்றுதான். அப்பா தன் அக்கா பேச்சுக்கு மட்டும் கட்டுப்படுவார். அந்த அம்மா காரிமங்கலத்தில் இருக்கிறாராம், சந்தை நாளில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.