மேசையில் தட்டிக் காட்டிய துடிப்பு

குனிந்து எதையாவது எடுத்துவிட்டு நிமிரும்போதுதான் எனக்குப் பெரும்பாலும் ஆரம்பிக்கும். நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு தவறியதுபோல் சின்ன குலுக்கல். அடுத்த நொடியே இதயம் தறிகெட்டு ஓடும். மாடிப்படி ஏறினால் வருகிற படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இது அப்படியில்லை, எடுத்த எடுப்பிலேயே முழு வேகம்தான். கழுத்துக்குழியில் டப் டப்பென்று இடிப்பது கண்ணாடி முன்னால் நின்றால் கண்ணுக்கே தெரியும். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் ஒரு மணி நேரத்துக்கும் மேல். அப்புறம் வந்த மாதிரியே சட்டென்று நின்றுவிடும். நின்ற பிறகு உடம்பு துவண்டுபோகும். அதோடு அடுத்தடுத்துச் சிறுநீர் கழிக்கப் போக வேண்டிவரும்.

இந்தக் கடைசி விஷயத்தையெல்லாம் போய் டாக்டரிடம் சொல்வதா என்று பலரும் விட்டுவிடுவோம். ஆனால் அது நல்ல துப்பு. இதயம் அந்த வேகத்தில் ஓடும்போது அதன் மேலறைகள் விரிந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோன் சுரக்கிறதாம். வெறும் பதற்றத்தில் இது இவ்வளவு தெளிவாக வருவதில்லை.

எஸ்.வி.டி. என்கிற இதயத் துடிப்புக் கோளாறு இது. அந்தப் பெயர் தெரியாமலேயே சில வருடங்கள் ஓடின. காரணம் எளிமையானது: நான் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது நின்றிருக்கும். இ.சி.ஜி. எடுப்பார்கள், நார்மல். தைராய்டு நார்மல், ரத்தசோகை இல்லை, எக்கோவில் வால்வும் தசையும் ஒழுங்காக இருக்கின்றன. "டென்ஷனைக் குறைச்சுக்கோங்க, நல்லாத் தூங்குங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டிலும் கணவர், "நீ எதையாவது போட்டு மனசைக் குழப்பிக்கிறே" என்பார். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. நெஞ்சு ஓடும்போது கை நடுங்கும், மூச்சு வாங்கும், என்னவோ ஆகப்போகிறது என்று பயம் வரும். வெளியிலிருந்து பார்த்தால் பதற்றத் தாக்குதல் போலவேதான் இருக்கும். இந்த நோய் உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, முதலில் 'பதற்றம்' என்ற பெயர் விழுவது மருத்துவர்களே எழுதிவைத்திருக்கிற விஷயம். எனக்கு எரிச்சலாக இருந்தது வேறொன்று: பயம் வந்ததால் நெஞ்சு ஓடியதா, நெஞ்சு ஓடியதால் பயம் வந்ததா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்டவர் ஒரு இதயநோய் மருத்துவர். அதுவும் அவர் கேட்ட விதம் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. "எப்படித் துடிக்குதுன்னு இந்த மேசையில தட்டிக் காட்டுங்க" என்றார். விரலால் தட்டினேன். முதலில் நிதானமாக நாலு தட்டு, அப்புறம் திடீரென்று தடதடவென்று வேகமாக, ஆனால் ஒரே சீராக. "நடுவுல தாறுமாறா விட்டு விட்டு வருமா?" இல்லை. "நிக்கும்போது மெதுவாக் குறையுமா, பட்டுன்னு நிக்குமா?" பட்டென்று. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "பதற்றம் ஸ்விட்ச் போட்ட மாதிரி ஆரம்பிக்காதும்மா" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின் கட்டளை போக நடுவில் ஏ.வி. முனை என்று ஒரு வாசல் இருக்கிறது. சிலருக்கு அங்கே ஒன்றுக்குப் பதில் இரண்டு பாதைகள் இருக்கும், ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. பாதி வயதுவரை அதனால் ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். என்றைக்காவது முந்திக்கொண்டு வரும் ஒற்றைத் துடிப்பு ஒரு பாதையில் இறங்கி, மற்றதில் ஏறி, மறுபடி இறங்கி, அங்கேயே சுற்ற ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்க வேண்டிய நாடி 150-ஐத் தாண்டி, சிலருக்கு 200-க்கும் மேலே போகும். கீழறைகளுக்கு மேலே கிளம்பும் இந்த வேகத் துடிப்பைத்தான் எஸ்.வி.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அந்தச் சுற்று எங்கேயாவது ஒரு கணம் அறுந்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். சட்டென்று நிற்பதன் ரகசியம் அதுதான்.

சரி, கதை பொருந்துகிறது, ஆனால் காகிதத்தில் வேண்டும் என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. இல்லாமல் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். முதலில் ஹோல்டர் கருவி: நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டியை மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும். எனக்கு அது மாட்டியிருந்தபோது இதயம் அவ்வளவு சமர்த்தாக இருந்தது! எப்போதாவது வருகிற ஆசாமியை ஒரே நாளில் பிடிப்பது குருட்டு அதிர்ஷ்டம்தான். அடிக்கடி வருபவர்களுக்கு ஹோல்டர் போதும். மற்றவர்களுக்கு வாரக்கணக்கில் வைத்திருக்கும் கருவிகள் உண்டு, தோலுக்கு அடியிலேயே பொருத்துவதும் உண்டு. விரலை வைத்தால் 30 நொடி இ.சி.ஜி. பதியும் கைக்கடிகாரங்களையும் இப்போது பலர் பயன்படுத்துகிறார்கள். ஒன்று மட்டும்: கடிகாரத்தின் பச்சை விளக்கு காட்டும் நாடி எண் இந்த வேகத்தில் சில நேரம் தப்பாகக் குறைத்துக் காட்டும். எண்ணை நம்பாமல் இ.சி.ஜி. கோட்டைப் பதிந்து வையுங்கள்.

கடைசியில் எனக்கு அது அகப்பட்டது அவசரப் பிரிவில். அன்றைக்கு நிற்கவே இல்லை. திரையில் 188. செவிலியர் காகிதத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தபோது, உங்களுக்குச் சிரிப்பு வரலாம், எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் சொன்னது பொய்யில்லை என்று ஒரு காகிதம்!

அன்று அந்தச் சுற்றை அறுக்கும் அடினோசின் என்ற ஊசி மருந்தைப் போட்டார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். முழங்கை மடிப்பில் பெரிய நரம்பாகப் பார்த்து ஊசி குத்துவார்கள். மருந்து ரத்தத்தில் சில நொடிகள்தான் தாங்கும், அதனால் மெதுவாக ஏற்ற முடியாது. 6 மில்லிகிராமை ஒரே அழுத்தில் தள்ளி, பின்னாலேயே உப்புநீரையும் விர்ரென்று ஏற்றிவிடுவார்கள். முகம் குப்பென்று சூடாகும். நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். செத்துவிட்டேன் என்று ஒரு கணம் உண்மையாகவே தோன்றும். திரையில் கோடு இரண்டு மூன்று நொடி வெறுமனே ஓடும். அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று, 84. அவ்வளவுதான். முதல் ஊசியில் நிற்காவிட்டால் 12 கொடுப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு வேறு மருந்து பார்ப்பார்கள்.

அதற்கப்புறம்தான் வீட்டிலேயே நிறுத்தக் கற்றுக்கொண்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு ஏ.வி. வாசல் கொஞ்சம் தாமதிக்கும், சுற்று அறுந்துபோகும். இது பழைய வித்தை. 2015-இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்று இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தது: அரைச் சாய்வில் உட்கார்ந்து 15 நொடி முக்கியதும், உடனே ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கால்களையும் 45 பாகை தூக்கி 15 நொடி பிடித்திருப்பது. பழைய முறையில் 17 சதவீதம் பேருக்கு நின்றது, புதிய முறையில் 43 சதவீதம் பேருக்கு. காலிலிருக்கும் ரத்தம் இதயத்துக்குத் திரும்பி ஓடிவருவதுதான் சூட்சுமம். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று தெரிய, 10 மில்லி சிரிஞ்சின் முனையை வாயில் வைத்து, உள்ளிருக்கும் தண்டு லேசாக நகரும்வரை ஊதச் சொல்வார்கள். என் கைப்பையில் ஒரு சிரிஞ்சு எப்போதும் இருக்கிறது. பார்ப்பவர்கள் என்ன நினைத்தாலும் சரி.

கால் தூக்க ஒரு ஆள் இருந்தால் நல்லது. என் கணவர்தான் தூக்குவார். ஆனால் பதற்றத்தில் ஒன்று முதல் பதினைந்துவரை எட்டு நொடியில் எண்ணி முடித்துவிடுவார், அதனால் இப்போது போனில் நேரம் வைத்துக்கொள்கிறோம். தனியாக இருந்தால் கால்களைச் சுவரில் சாய்த்துக்கொள்வேன். பனிக்கட்டித் தண்ணீரில் முகத்தை முக்குவதும் சிலருக்கு வேலை செய்கிறது, எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். கழுத்துப் பக்கத்தை நீவிவிடும் முறையை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். அங்கேயுள்ள ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்திருந்தால் மூளைக்கே ஆபத்து. மருத்துவர் சோதித்துவிட்டுச் செய்ய வேண்டியது அது.

எல்லாமே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. நெஞ்சுவலி, மயக்கம், கண் இருட்டுவது, படுத்தாலும் மூச்சு வாங்குவது, இதில் எது சேர்ந்தாலும் நான் முக்கிக்கொண்டு உட்கார மாட்டேன், கிளம்பிவிடுவேன். அரை மணி ஆகியும் அசையவில்லை என்றாலும் அப்படித்தான். வண்டி ஓட்டும்போது வந்தால் ஓரம் கட்டிவிட வேண்டும், மறுபேச்சே கிடையாது. நீச்சலுக்குத் தனியாகப் போவதை விட்டுவிட்டேன்.

எது தூண்டுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். தூக்கம் கெட்ட மறுநாள், தண்ணீர் குடிக்க மறந்த நாள், காய்ச்சல். காபியைத்தான் எல்லோரும் முதலில் பழிபோடுவார்கள். என் நோட்டில் அதற்கு எதிராக ஒன்றும் சிக்கவில்லை, அதனால் காலையில் ஒன்று குடிக்கத்தான் செய்கிறேன். மாறாக, மூக்கடைப்புக்கு வாங்கும் மாத்திரைகளில் சூடோஎபிட்ரின் இருந்தால் வாங்குவதில்லை. அது இதயத்தை விரட்டும் மருந்து.

தினமும் சாப்பிடப் பீட்டா பிளாக்கர் ஒன்று எழுதிக்கொடுத்தார்கள். துடிப்பு அடங்கியது, கூடவே நானும் அடங்கிப்போனேன். மாடி ஏறினால் கால் கனக்கும், கைவிரல்கள் சில்லிட்டுப்போகும். சிலருக்கு இந்தத் தொந்தரவு எதுவும் வருவதில்லை. எனக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னதும், வரும்போது மட்டும் போட்டுக்கொள்ளும்படி மாற்றிக்கொடுத்தார்கள். தினமும் சாப்பிட்டுவந்தால் நாமாக நிறுத்தக்கூடாத மருந்து இது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மிச்சமிருப்பது அப்லேஷன். தொடை இடுக்கிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் அனுப்பி, சுற்று எந்த வழியில் போகிறது என்று பார்த்து, அந்த மெதுவான பாதையைச் சூட்டில் பொசுக்கிவிடுவார்கள். ஏ.வி. முனையில் இரட்டைப் பாதை உள்ள என் வகைக்கு நூற்றில் 95 பேருக்குச் சரியாகிவிடுகிறது. நூற்றில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவாக, நல்ல பாதையும் சேர்ந்து கெட்டு, பேஸ்மேக்கர் வைக்க நேரலாம். 1930-இலேயே விவரிக்கப்பட்ட உல்ஃப்-பார்க்கின்சன்-ஒயிட் வகையாக இருந்தால் இவ்வளவு நிதானமாக யோசிக்க முடியாது. அங்கே ஏ.வி. வாசலைத் தவிர்த்துவிட்டுப் போகும் கூடுதல் பாதை இருக்கிறது, அது அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகலாம். என் சாதாரண இ.சி.ஜி.யில் அதன் அடையாளம் இல்லை என்பதை இரண்டு மருத்துவர்களிடம் உறுதிப்படுத்திக்கொண்டேன்.

"செஞ்சுடலாமே, ஒரு நாள் வேலை" என்கிறார் மருத்துவர். கணவரும் அவர் கட்சிதான். என் கணக்கு வேறு: வருடத்தில் சில தடவை வருகிறது, பெரும்பாலும் சிரிஞ்சுக்கே அடங்கிவிடுகிறது, அதற்காக அந்த ஒரு சதவீதத்தை வாங்கிக்கொள்ள எனக்கு இப்போது மனமில்லை. மாதாமாதம் வர ஆரம்பித்தாலோ, ஒரு தடவை மயங்கி விழுந்தாலோ நானே வந்து படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் மறுக்கவில்லை, கோப்பில் அதை அப்படியே எழுதிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.