உ யா காயே?

ஜனவரி 20, 2019

ஆப்பிரிக்காவின் தெற்கே இருக்கும் லெசோத்தோ நாட்டில், தாபா ட்செகா என்ற ஊரில் டாக்சி நிரம்பும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். டாக்சி என்றாலும் அது வேன்தான். ஆள் சேராமல் கிளம்பாது. சாயங்காலம், நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கப்போகும் மலையூருக்கு வந்து சேர்ந்தேன்.

எனக்குக் கொடுத்திருப்பது வட்டமான கல் வீடு, புல் கூரை. கதவைத் திறந்ததும் சாணி வாசனை. அன்று காலைதான் தரையை மெழுகியிருக்கிறார்கள். லெசோத்தோ மலையில் எங்கள் பாட்டி வீட்டுத் தரை! செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

வீட்டு அம்மாவை ‘ம்மே’ என்று கூப்பிட வேண்டும். பெரிய ஆண்களை ‘ந்தாத்தே’. நாக்கு உடனே பழகிக்கொண்டது. ராத்திரிச் சாப்பாடு பாப்பா, அதாவது மக்காச்சோளக் களி; கூடவே கீரை. சாப்பிட்டு முடித்ததும் ம்மே எனக்குப் பெயர் வைத்தார்: பலேசா. பூ என்று அர்த்தம்.

பிப்ரவரி 3

குழாய்க்குப் போய்வர பத்து நிமிடம். அதற்குள் ஆறு பேர் நிறுத்தி நலம் விசாரிக்கிறார்கள். ‘டுமேலா’ சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி: ‘உ யா காயே?’ எங்கே போகிறாய்?

எங்கள் வீட்டில் கிளம்புகிறவர்களை அப்படிக் கேட்கவே கூடாது. போகிற காரியம் விளங்காது என்பார் பாட்டி. கேட்டே ஆக வேண்டுமென்றால் ‘தூரமா?’ என்பார். இங்கே கேட்காமல் விடுவதுதான் தப்பு.

இன்று அவசரத்தில், மேட்டு வீட்டுப் பாட்டி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ராத்திரிக்குள் ம்மே காதுக்குப் போய்விட்டது. அவர் கோபிக்கவில்லை. “நீ போன இடம் தெரிந்தால்தானே, இருட்டினால் தேட முடியும்?” என்றார். நாளைக்கே பாட்டியைப் போய்ப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 19

என் கணக்கு வகுப்பில் பெண்கள்தான் அதிகம். பையன்கள் மலையில் ஆடு மேய்க்கிறார்கள். 2000 முதல் இலவச ஆரம்பக் கல்வி, 2010இல் கட்டாயக் கல்விச் சட்டம். இருந்தும் மந்தைக்கு ஆள் வேண்டியிருக்கிறதே. இந்த நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களில் பெண்களே அதிகம் என்று படித்தபோது சந்தோஷப்பட்டேன். போர்வையும் ரப்பர் பூட்ஸுமாக வேலிக்கு வெளியே நின்று கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருக்கும் பையனைப் பார்த்த பிறகு அந்தச் சந்தோஷம் இல்லை.

மார்ச் 16, சனி

மேட்டு வீட்டுத் தாத்தா போய்விட்டார்.

நேற்று ராத்திரி முழுக்க நாங்கள் பெண்கள் சமைத்தோம். மூன்று கால் இரும்புப் பானைகளில் பாப்பா. துடுப்பு மாதிரிக் கட்டையால் கிண்டக் கிண்டத் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. கை ஓய்ந்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்லாமலே வாங்கிக்கொள்கிறார். செலவுக்கு ‘ம்பாதே ஷெலெங்’ கைகொடுத்தது. மாதாமாதம் பணம் கட்டிவரும் இழவுச் சங்கம் அது.

காலையில் ம்மே தன் போர்வை ஒன்றை எனக்குப் போர்த்தி, மார்புக்கு நேரே ஊக்குக் குத்திவிட்டார். தோளை மூடாமல் பெண்கள் இழவுக்குப் போகக் கூடாது. ஆண்கள் மண்வெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிக் குழியை மூடினார்கள். திரும்பி வந்ததும் வாசலில் வைத்திருந்த தண்ணீரில் எல்லோரும் கை கழுவினோம். நம் ஊரில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போவோம். என்னையறியாமல் கொஞ்சம் தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டேன்.

உள்ளே பாட்டி தரையில் விரித்த மெத்தையில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “பலேசா” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஜூன் 8

முதல் பனி. லெசோத்தோ முழுவதுமே 1,400 மீட்டருக்கு மேல். நாங்கள் இருப்பது அதைவிட எவ்வளவோ உயரத்தில். குழாய் உறைந்துவிட்டது, அதனால் கீழே ஊற்றுக்குக் கிளம்பினேன்.

வழியில் மேட்டு வீட்டுப் பாட்டி, தனியாக, கம்பை ஊன்றி ஊன்றி நடந்து வந்தார். பாதை வழுக்கியது. நானே முதலில் கேட்டேன்.

“டுமேலா, ங்கோனோ. உ யா காயே?”

கம்பைத் தூக்கி இடுகாட்டுப் பக்கம் காட்டினார்.

வாளியைக் கல்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.