கழுகின் தலையில் முடி

ஐரோப்பிய நாணயங்களை வகைப்படுத்தி, ஏலப் பட்டியலுக்கான விவரக்குறிப்புகளை எழுதுவது என் வேலை. தேய்ந்த நாணயம் ஒன்று கைக்கு வந்தால் ஆண்டைத் தேடுவதற்கு முன்பே, அதிலுள்ள அரசுச் சின்னத்தில் முடி, அதாவது மகுடம், இருக்கிறதா, இருந்தால் அது எத்தகைய முடி என்று பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது.

முடி என்றாலே மன்னராட்சி என்று எண்ணிக்கொண்டுதான் பலர் இந்தத் துறைக்கு வருகிறார்கள். அந்த எண்ணத்தை மாற்றப் போலந்தின் வெள்ளைக் கழுகு ஒன்றே போதும். 1918இல் மீண்டும் விடுதலை பெற்ற போலந்து ஒரு குடியரசு. ஆயினும் 1919இல் அது ஏற்ற சின்னத்தில் கழுகு முடி சூடியிருந்தது. அரியணையில் எவரும் இல்லாத நாட்டில் அந்த முடி, பிறர்க்கு அடங்காத தன்னுரிமையைக் குறித்தது. 1927இல் சின்னத்தைத் திருத்தி வரைந்தபோது, வளைவுகள் மேலே கூடி உச்சியில் சிலுவை கொண்ட மூடிய முடி, வளைவும் சிலுவையும் அற்ற திறந்த முடியாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் செல்வாக்கின்கீழ் அமைந்த ஆட்சி அதையும் அகற்றியது. அந்த ஆட்சி வீழ்ந்தபின், 1989 டிசம்பரில் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் முடியை மீட்டுத் தந்தது. 1949ஆம் ஆண்டிட்ட நாணயத்தையும், 1990ஆம் ஆண்டிட்டு அடிக்கப்பட்டு 1995இல்தான் புழக்கத்துக்கு வந்த குரோஷ் என்னும் போலந்துச் சில்லறை நாணயத்தையும் லென்ஸின் கீழ் அருகருகே வைத்தால், நாற்பதாண்டு வரலாறு அந்தக் கழுகின் தலையிலேயே தெரியும். இத்தனை சிறிய இடத்தில் இவ்வளவு பொருள் அடங்குவது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

ஆஸ்திரியா வேறு வழியில் சென்றது. ஹாப்ஸ்பர்க் அரச குலம் ஆண்ட பேரரசு மறைந்தபின், 1919இல் ஆஸ்திரியக் கழுகுக்குக் கோட்டை மதில் வடிவிலான முடி சூட்டப்பட்டது. அது நகரக் குடிமக்களுக்கு உரியது. கால்களில் பற்றிய அரிவாள் உழவர்களையும் சுத்தியல் தொழிலாளர்களையும் குறிக்கும்.

ஹங்கேரியும் குடியரசாக இருந்துகொண்டே 1990இல், தன் முதல் மன்னரான புனித ஸ்டீபனின் பெயர் தாங்கிய முடியைத் தன் சின்னத்தில் மீண்டும் ஏற்றது. உண்மையான முடியின் உச்சியிலுள்ள சிலுவை சாய்ந்திருப்பதால், சின்னத்திலும் அதைச் சாய்த்தே வரைகிறார்கள். சிலுவை கோணலாகத் தெரிகிறதே என்று நாணயத்தின் படத்தைத் திருப்பி நேராக்க முயலும் படப்பிரிவினரிடம் இதை நான் அடிக்கடி விளக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, ‘முடியணிந்த கழுகு’ என்று மட்டும் எழுதிய விவரக்குறிப்பை நான் ஏற்பதில்லை. முடி திறந்ததா மூடியதா, சிலுவை உண்டா, மதில் வடிவமா என்பதைச் சேர்த்து எழுதும்படி புதிதாக வருவோரிடம் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துகள் முற்றும் தேய்ந்த நாணயத்தின் காலத்தைக் கணிக்கப் பல வேளைகளில் அந்த ஒரு வரிதான் உதவுகிறது.