தாருக்கு அடியில் ஒரு செம்புக் கம்பி

சிட்னியில் சிக்னலில் நிற்கும்போது, நிறுத்தக் கோட்டை ஒட்டித் தரையைப் பாருங்கள். தாரை அறுத்து மறுபடி அடைத்த கறுப்புக் கோடுகள் செவ்வகமாகத் தெரியும். ஏதோ குழாய் பதித்த தடம் என்றுதான் நம்மாட்கள் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது செம்புக் கம்பிச் சுருள். மேலே கார் வந்து நின்றால் அதன் உலோகத்தால் கம்பியின் மின்தூண்டல் மாறும். ஓரமாக நிற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அது தெரிந்துவிடும். சைக்கிள்காரர்கள் அந்த வெட்டுக் கோட்டின் மேலேயே சக்கரத்தை வைத்து நிற்பது இதனால்தான். நடுவில் நின்றால் சில சமயம் கண்டுகொள்ளாது.

இப்படிக் கிடைக்கும் தகவலை வைத்து சிக்னல் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டின் பெயர் ஸ்கேட்ஸ் (SCATS). 1970-களில் இங்கேயே, மாநில நெடுஞ்சாலைத் துறையில், ஆர்தர் சிம்ஸ் என்ற பொறியாளரின் முயற்சியில் உருவானது. இது கார்களை மட்டும் எண்ணுவதில்லை, அவற்றுக்கு இடையே விழும் இடைவெளியையும் அளக்கிறது. பச்சையில் வண்டிகள் நெருக்கமாகப் போனால் அந்தப் பச்சை முழுக்கப் பயன்பட்டது; இடைவெளி கூடினால் வீணாகிறது, அடுத்த சுற்றில் அந்த நொடிகளை வேறு பக்கத்துக்குக் கொடுக்கலாம். சந்திப்புகளைக் குழு குழுவாகப் பிரித்திருப்பார்கள்; அக்கம்பக்கத்துக் குழுக்களில் நெரிசல் ஒரே மாதிரி ஆனால் இரண்டு குழுவும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்ளும், கூட்டம் கலைந்ததும் பிரிந்துவிடும். பொறியாளர்கள் இதைக் கல்யாணம், விவாகரத்து என்றே சொல்கிறார்கள்.

கெட்டிக்கார ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கெட்டிக்காரத்தனமெல்லாம் காருக்கு. நடந்து போகிறவருக்கு இருப்பது கம்பத்தில் ஒரு பட்டன். ஒருவர் அழுத்தினாலும் ரயில் இறங்கி வந்த நாற்பது பேர் காத்திருந்தாலும் அதற்கு ஒரே ஒரு கோரிக்கை. என் பையன் வீடியோ கேம் மாதிரி பத்து தடவை அழுத்துவான். முதல் அழுத்தலோடு கதை முடிந்தது.

அப்புறம் அந்த நேரக் கணக்கு. பச்சை மனிதன் சில நொடிதான் இருப்பான், பிறகு சிவப்பு மனிதன் மினுக்குவான். இனி இறங்காதே, இறங்கியவர் நடந்து முடிக்கலாம் என்று அர்த்தம். அந்த மினுக்கலுக்கு வழக்கமாக வைக்கும் கணக்கு நொடிக்கு 1.2 மீட்டர் நடை. இருபது மீட்டர் சாலைக்கு ஏறக்குறைய 17 நொடி. முட்டிவலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் என் மாமியாருக்கு 25 நொடி வேண்டும். பாதி ரோட்டில் சிவப்பு மினுக்கியதும் அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “திரும்பிடலாமாம்மா?” என்பார். திரும்புவதற்கும் அதே தூரம்தானே, அத்தை!

சிங்கப்பூரில் ஓடும் கிளைட் என்ற சிக்னல் அமைப்பும் ஸ்கேட்ஸின் வழிவந்ததுதான். ஆனால் அங்கே 2009-லிருந்து, முதியவர்கள் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை மனிதன் இன்னும் சில நொடி நிற்கிறான். அங்கிருக்கும் என் சித்தப்பா, அவசரமே இல்லாவிட்டாலும் அட்டையைத் தட்டிவிட்டுத்தான் இறங்குவார். “எனக்குக் குடுத்த நேரம், நான் ஏன் விடணும்?” என்பது அவர் வாதம். ஊருக்கு அந்த மூளையை விற்ற சிட்னியில், என் மாமியாருக்கு அப்படித் தட்ட ஓர் அட்டை இன்னும் கையில் வரவில்லை.