பைன் கேட்டவனுக்குச் சவுக்கு: நாற்றுப் பையிலிருந்து பேசினுக்கு

சட்டியில் மரத்தைக் குள்ளமாக வளர்க்கும் பொன்சாய் என்றதும் பைன் மரத்தின் உருவம்தான் என் மனதில் வரும். முறுகிய அடிமரம், அடுக்கடுக்காக ஊசிப் பச்சை. ஆனால் ஜப்பானியக் கறுப்புப் பைனுக்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். கொழும்பில் மார்கழி இரவுகூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. மலைநாட்டுச் சரிவுகளில் நட்டிருக்கிற கரிபியன் பைன் வெயிலைத் தாங்கும். அதன் ஊசிகளோ 15 முதல் 25 சென்ரிமீற்றர் நீளம். சின்னச் சட்டியில் வைத்தால் ஊசிதான் தெரியும், மரம் தெரியாது. அதனால் சவுக்கைத் தேர்ந்தெடுத்தேன். காரைநகரில் ஒரு கடற்கரைக்கே கசூரினா என்ற தன் ஆங்கிலப் பேரை வாங்கிக் கொடுத்த மரம். உப்புக் காற்றும் வெயிலும் அதற்குப் பழக்கம், எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பல்கனியில் இருப்பதும் அவை இரண்டும்தான்.

சவுக்கு பைன் இனமே அல்ல, அது பூக்கும் தாவரம். ஊசி போலத் தெரிவது மெல்லிய பச்சைக் குச்சி. ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கணுக்கணுவாக இருக்கும். ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் ஏழெட்டுச் சின்னப் பல் மாதிரிச் செதில்கள். அந்தச் செதில்கள்தான் உண்மையான இலை.

பத்தரமுல்லப் பக்கம் கன்றுகள் விற்கும் கடையொன்றில் வாங்கினேன். உயரத்தைப் பார்க்கவில்லை. கறுப்புப் பையின் மேல்மண்ணை விரலால் விலக்கி, அடிமரம் வேராக விரியும் இடத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன். கிளை இல்லாவிட்டால் பிறகு வளர்க்கலாம். அடி சரியில்லாவிட்டால் வருடக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும்.

வைகாசி மழை தொடங்கிய கையோடு வேலையில் இறங்கினேன். காற்றில் ஈரம் இருந்தால் வேர் குறைந்த மரம் சீக்கிரம் வாடாது. பையைக் கிழித்ததும் தெரிந்தது, வேர்கள் பையின் அடியில் வட்டம் சுற்றிச் சுருண்டு கிடந்தன. ஒரு குச்சியால் வெளியிலிருந்து உள்ளே மெதுவாகக் கோதினேன். சுற்றிய தடித்த வேர்களையும் நேரே கீழே போன ஆணிவேரையும் வெட்டி, பக்கவாட்டில் படர்ந்த மெல்லிய வேர்களை விட்டுவைத்தேன். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும்.

வேரில் அங்கங்கே இஞ்சித் துண்டு போல முடிச்சு முடிச்சாக இருக்கும். நோய் என்று நினைத்து வெட்டிவிட வேண்டாம். அதற்குள் பிராங்கியா என்ற பற்றீரியா இருந்து காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்குப் பிடித்துக் கொடுக்கிறது. கடற்கரை வெறும் மணலிலும் சவுக்கு செழிப்பதற்கு அது ஒரு காரணம். பழைய மண்ணில் ஒரு பிடியையும் அதோடு சேர்த்தே வைத்தேன்.

பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, இவ்வளவு வேரையும் வெட்டிப்போட்டு இது பிழைக்குமோ?" என்றார். "பிழைக்கும் அம்மா, மேலேயும் கொஞ்சம் குறைக்கப் போறன்" என்றேன்.

உடைத்த செங்கல், பருமணல், கொஞ்சம் கூட்டெரு. மூன்றையும் அரிதட்டில் அரித்துத் தூளை எறிந்துவிட்டுக் கலந்தேன். தூள் இருந்தால் தண்ணீர் தேங்கும். பொன்சாய்ச் சட்டி இப்போதைக்கு வேண்டாம், துளையிட்ட பிளாஸ்டிக் பேசின் போதும். துளைகளுக்கு நுளம்பு வலைத் துண்டு. முக்கியமான வேலை, மரத்தைக் கம்பியால் பேசினோடு இறுக்கிக் கட்டுவது. கடல்காற்றில் மரம் ஆடினால் புதிதாக வரும் மெல்லிய வேர்கள் அறுந்துகொண்டே இருக்கும்.

மேலே அன்று அதிகம் வெட்டவில்லை. ஒரே இடத்திலிருந்து கிளம்பிய மூன்று கிளைகளில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன், உள்ளே நெருக்கமாக இருந்ததைக் கழித்தேன். வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு கிளையிலும் பச்சை மிஞ்சும்படி பார்த்துக்கொண்டேன். அப்புறம் நேர்வெயில் படாத மூலையில் வைத்துவிட்டேன். உரம் போடவில்லை.

சவுக்கு வாடுவதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். காய்ந்த பிறகும் பச்சையாகவே நிற்கும். அதனால் தினமும் காலையில் நுனியைத் தொட்டுப் பார்ப்பேன். வளைந்தால் சரி, நொறுங்கினால் கிளை போய்விட்டது. ஒரு சின்னக் கிளை அப்படிப் போனது. மற்ற எல்லாவற்றிலும் இளம்பச்சையில் புதுநுனி வந்தது. அதன்பிறகுதான் வெயிலுக்கு நகர்த்தினேன்.

நன்றாகத் தளிர்த்த பின் உச்சியை வெட்டினேன். பக்கக் கிளையொன்றை அலுமினியக் கம்பி சுற்றி நிமிர்த்தி, அதையே புது உச்சியாக்கினேன். கம்பி கிளையின் மூன்றில் ஒரு பங்கு தடிப்பு, 45 பாகைச் சரிவில் சுற்று. சவுக்கு வேகமாகப் பருப்பதால் கம்பி பட்டையில் பதிந்துவிடும், அடிக்கடி பார்க்க வேண்டும். பதியத் தொடங்கினால் சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுப்பதே நல்லது.

கீழே இடப்பக்கம் ஒரு நீளக் கிளையைத் தொடாமல் விட்டிருக்கிறேன். பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் அது ஓடி வளர்ந்தால்தான் அடிமரம் பருக்கும். பருத்த பிறகு அதை வெட்டுவேன், பொன்சாய்ச் சட்டி தேடுவதும் அப்போதுதான்.