பெல் 407-லிருந்து எச்125-க்கு: என் லைசென்ஸில் இரண்டாவது டைப் ஏறிய கதை

"ஹெலிகாப்டர் மெக்கானிக்தானே, எல்லா ஹெலிகாப்டரும் பார்ப்பீங்கள்ல?" ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். கார் மெக்கானிக் மாருதியும் பார்க்கிறார், ஹூண்டாயும் பார்க்கிறார், நீ ஏன் பார்க்க முடியாது என்பார்கள். அதற்கான பதில்தான் என் வாழ்க்கையில் ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டது. இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஹேங்கர் மும்பை ஜூஹுவில் இருக்கிறது. 1932-இல் கராச்சியிலிருந்து தபாலோடு பறந்து வந்த ஜே.ஆர்.டி. டாட்டா இறங்கிய அதே ஜூஹு. இன்று அங்கே பெரும்பாலும் ஹெலிகாப்டர் சத்தம்தான். எங்கள் நிறுவனத்துக்கு இரண்டு வேலை. சொந்த ஹெலிகாப்டர்களைப் பறக்க விடுவது ஒன்று, மற்றவர்களுடையதைப் பராமரித்துத் தருவது இன்னொன்று. அதனால் ஹேங்கருக்குள் நுழைந்தால் ஒரே குடும்பத்து முகமாக இருக்காது. வலது மூலையில் பெல் 407 இரண்டு, நடுவில் பிரான்ஸில் உருவான எச்125 மூன்று, பின்னால் இரட்டை எஞ்சின் பெல் 412 ஒன்று. கடலுக்குள் எண்ணெய் மேடைக்குப் போய் வரும் ஏடபிள்யூ139 அவ்வப்போது வரும். ஒரு முறை ரஷ்ய எம்ஐ-172 வந்து நின்றது. தலைக்கு மேல் சுற்றும் ரோட்டாரின் விட்டமே 21 மீட்டருக்கு மேல், ஐந்து பிளேடு. அது வந்த அன்று மற்ற எல்லாவற்றையும் வெளியே தள்ளி நிறுத்த வேண்டியதாயிற்று.

என்னிடம் இருந்தது பி1.3 லைசென்ஸ். டர்பைன் எஞ்சின் வைத்த ஹெலிகாப்டருக்கான பிரிவு அது. பிஸ்டன் எஞ்சின் என்றால் பி1.4. அதனால் பயிற்சிக்குப் பறக்கும் ராபின்சன் ஆர்44 எங்களிடம் வந்தால் நான் கையெழுத்துப் போட முடியாது. பி1.3 இருந்தாலும் அது வாசல்தான். எந்த ஹெலிகாப்டரைப் பறக்க அனுமதித்துக் கையெழுத்திடுகிறோமோ, அந்த டைப், அதாவது அந்த மாடல், லைசென்ஸில் ஏறியிருக்க வேண்டும். என்னுடையதில் பெல் 407 மட்டும் இருந்தது. ஏரோடைனமிக்ஸ், கேஸ் டர்பைன், சட்டம், மனிதக் காரணிகள் என்று ஒவ்வொரு மாட்யூலாக எழுதித் தேறி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்ததால் இரண்டு வருஷ அனுபவத்தோடு விண்ணப்பித்து, 407 கோர்ஸ் முடித்து, வேலையிடப் பயிற்சியும் முடித்து வாங்கியது. அந்தப் பகுதியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

மேனேஜர் ஒரு நாள் கூப்பிட்டு, "எச்125-க்கு ஆள் பத்தல, நீ கோர்ஸ் போறியா?" என்றார். உடனே சரி என்றேன். ஒற்றை எஞ்சின், ஏறக்குறைய அதே எடை. 407-ஐ ஐந்து வருஷம் பிரித்துச் சேர்த்தவனுக்கு இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். உண்மையில் அந்த ஐந்து வருஷம்தான் எனக்குத் தடையாக நின்றது.

வகுப்பில் முதல் வாரமே தெரிந்துவிட்டது. 407-இன் எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸ் 250. காற்று முன்னால் கம்ப்ரெஸரில் நுழைந்து, இரண்டு குழாய் வழியாகப் பின்கோடிக்குப் போய், அங்கே எரிந்து, திரும்ப முன்னோக்கி வந்து டர்பைனைச் சுற்றி, நடுவிலிருந்து மேலே வெளியேறும். எச்125-இன் ஏரியல் எஞ்சினில் காற்று முன்னால் நுழைந்து நேராகப் பின்னால் போகும். படத்தில் பார்த்தால் இதுதான் எளிது. ஆனால் "எரியறை எங்கே?" என்று பயிற்சியாளர் கேட்டதும் என் விரல் தானாக எஞ்சினின் பின்கோடிக்குப் போனது. ஏரியல் ஐந்து மாட்யூலாகப் பிரிக்கப்பட்ட எஞ்சின், ஒவ்வொன்றையும் தனியாகக் கழற்றி மாற்றலாம். அது புரிய எனக்கு ஒரு நாள் ஆனது. பழைய படத்தை மனசிலிருந்து நகர்த்த ஒரு மாதம் ஆனது.

ரோட்டாரும் அப்படித்தான். மேலிருந்து பார்த்தால் பெல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். பிரெஞ்சு ஹெலிகாப்டரும் ரஷ்ய ஹெலிகாப்டரும் கடிகார முள்ளோடு சுற்றும். 407-க்கு நான்கு பிளேடு, நிமிடத்துக்கு 413 சுற்று. எச்125-க்கு மூன்று பிளேடு, சுமார் 390 சுற்று. ஒரு ஹெலிகாப்டரோடு வருஷக்கணக்கில் இருந்தவர்கள் அதிர்வைக் காதால் கேட்பதற்கு முன் உள்ளங்காலால் உணர்வார்கள். 407-இல் என் கால் நான்கு தட்டுக்குப் பழகியிருந்தது. தரையிலேயே எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதைக் கிரவுண்ட் ரன் என்போம்; முதல் முறை எச்125 கிரவுண்ட் ரன்னில் உட்கார்ந்தபோது, எல்லா அளவும் சரியாக இருந்தும் "ஏதோ தப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அந்த ஹெலிகாப்டரின் இயல்பான துடிப்பே அதுதான்.

அதன் ரோட்டார் தலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டார்ஃப்ளெக்ஸ் என்பார்கள். கண்ணாடி இழையால் செய்த மூன்று கை நட்சத்திரம். பழைய ரோட்டார் தலைகளில் கீல்கள், பேரிங்குகள், கிரீஸ் எல்லாம் செய்த வேலையை இங்கே அந்த நட்சத்திரக் கைகளின் வளைவும் ரப்பர் அடுக்குகளும் செய்துவிடும். முதல் முறை கவரைக் கழற்றிப் பார்த்தபோது இவ்வளவுதானா என்று அசந்து நின்றேன். எத்தனையோ பேர் வடிவமைத்தவற்றைத் தொட்டுப் பார்க்கும் வேலை இது. ஆனாலும் சில பாகங்களைப் பார்க்கும்போது கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். இந்த எளிமையான தலையைச் சுமந்த ஏஎஸ்350 பி3 ஒன்றுதான் 2005 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் இறங்கியது. எச்125 என்பது அதே குடும்பத்துக்குப் பின்னால் வைத்த பெயர்.

இப்போது ஒரு திருகின் கதை.

செய்முறைப் பயிற்சியின் மூன்றாவது வாரம். ஒரு பேனலை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு திருகு குறைந்தது. நான் உடுத்தியிருந்த வேலை மேலுறையின் பையில் ஒன்று இருந்தது, எடுத்துப் போட்டேன். நான்கு சுற்று சுலபமாக ஏறியது. பின்னால் நின்றிருந்த சீனியர் என் கையைப் பிடித்தார். விமானப்படையில் எம்ஐ-8 பார்த்து ஓய்வு பெற்றவர், நாங்குநேரிப் பக்கத்துக்காரர்.

"தம்பி, அதக் கழத்து."

"ஏன் சார், ஏறுதே?"

"ஏறும். அதான் பிரச்சனையே. எந்த ஹெலிகாப்டர் திருகு அது?"

407-உடையது. அமெரிக்க அளவில் 10-32 என்பார்கள். விட்டம் 4.83 மில்லிமீட்டர், ஒரு அங்குலத்துக்கு 32 மரை. எச்125-இல் அந்த இடத்தில் இருக்க வேண்டியது மெட்ரிக் எம்5. விட்டம் 5 மில்லிமீட்டர், மரைக்கு மரை 0.8 மில்லிமீட்டர். அங்குலக் கணக்கில் 31.75 மரை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கைக்கும் முதல் சில சுற்று ஒன்று. ஆனால் மரையின் பிடி தளர்வாக இருக்கும், பறக்கும்போது அதிர்வில் தானாகக் கழன்று வரும். கழன்ற திருகு பின்னால் பறந்து வாலில் சுற்றும் டெயில் ரோட்டாரில் பட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

அன்று அவர் என்னைத் திட்டவில்லை. மேலுறைப் பையைத் தலைகீழாகக் கொட்டச் சொன்னார். அதிலிருந்து இன்னும் இரண்டு திருகு விழுந்தது. "மூணு மாசத்துக்கு உன் பையில ஒண்ணும் இருக்கக்கூடாது" என்றார். இன்றுவரை என் மேலுறையில் பேனாவைத் தவிர எதுவும் இருப்பதில்லை.

அதன்பின் கருவிப் பெட்டியையும் இரண்டாக்கினேன். 407-க்கு அங்குல ஸ்பானர்கள், சிவப்புப் பெட்டி. எச்125-க்கு மில்லிமீட்டர், நீலப் பெட்டி. 5/16 அங்குல நட்டில் 8 மில்லிமீட்டர் ஸ்பானர் கச்சிதமாக உட்காரும், இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு முடி அளவு. 3/8-இல் 10 மில்லிமீட்டரைப் போட்டால் வழுக்கி முனையை மழுக்கிவிடும். மழுங்கிய நட்டாவது தப்பை உடனே காட்டிவிடும். கச்சிதமாகப் பொருந்தும் தப்பைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

மதிப்பீட்டு நாளில் என்னிடம் ஒரு சிப் டிடெக்டரைக் கொடுத்தார்கள். கியர்பாக்ஸ் எண்ணெயில் இருக்கும் காந்த முனை அது, உலோகத் துகளை ஈர்த்துப் பிடிக்கும். நுனியில் மெல்லிய ஒரு துகள். "என்ன செய்வாய்?" என்றார் மதிப்பீட்டாளர். துகளை எடுத்து அளவு பார்ப்பேன், வகை பார்ப்பேன், கையேட்டின் வரம்போடு ஒப்பிடுவேன் என்று 407-இல் செய்துவந்த வரிசையைச் சொன்னேன். "எந்தக் கையேடு?" என்றார். நான் சொன்ன அளவு வரம்பு 407 கையேட்டிலிருந்து வந்தது. வாய் உலர்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, எச்125 கையேட்டைத் திறந்து, அந்தப் பணிப் பக்கத்தை எடுத்து, வரி வரியாகப் படித்துப் பதில் சொன்னேன்.

அவர் 2009 ஏப்ரல் 1-ஐப் பற்றிச் சொன்னார். ஸ்காட்லாந்து அருகே வடகடலில் எண்ணெய் மேடையிலிருந்து திரும்பிய சூப்பர் பூமா ஹெலிகாப்டர் ஒன்றின் பிரதான கியர்பாக்ஸ் உடைந்து 16 பேர் இறந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 25 அன்று, அதே கியர்பாக்ஸின் சிப் டிடெக்டரில் ஒரு துகள் கிடைத்திருந்தது. உள்ளே ஒரு பல்சக்கரம் சிதைந்துகொண்டிருப்பதன் அடையாளம் அது என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. சொல்லி முடித்து, என் கையிலிருந்த காந்த முனையை வாங்கி வைத்தார். தேர்ச்சி தந்தார்கள். நினைவிலிருந்து பதில் சொன்னதற்காக அல்ல, கையேட்டைத் திறந்ததற்காகத்தான் தந்தார்கள் என்று பின்னால் சொன்னார்.

பிறகு காகிதம். என் செய்முறைப் பதிவேட்டை எங்கள் பயிற்சிப் பிரிவு திருப்பி அனுப்பியது, தப்பு என்னுடையது. 62 பிரதான ரோட்டார், 63 அதன் இயக்கம், 64 டெயில் ரோட்டார், 65 அதன் இயக்கம், 67 ரோட்டார் கட்டுப்பாடு என்று ஒவ்வொரு வேலைக்கும் பராமரிப்புக் கையேட்டில் அத்தியாய எண் உண்டு. 67-இல் எழுத வேண்டிய மூன்று வேலையை 62-இல் எழுதியிருந்தேன். மேற்பார்வையிட்ட இன்ஜினியர் வேறு தளத்துக்கு மாறிவிட்டார், அவரிடம் திரும்பக் கையெழுத்து வாங்க ஐந்து வாரம் ஆனது. வேலை முடிந்த அன்றே எழுதுங்கள், அன்றே கையெழுத்து வாங்குங்கள். இதைவிட உருப்படியான அறிவுரை என்னிடம் இல்லை. இன்னொன்று: கடைசி 24 மாதத்தில் 6 மாத அனுபவம் இல்லையென்றால் கையெழுத்திடும் உரிமையைப் பயன்படுத்த முடியாது. நாலைந்து டைப் சேர்த்துக்கொண்டவர்கள் அந்தக் கணக்கையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டைப் ஏறிய பிறகு முதல் பணி கேதார்நாத் யாத்திரைக்கு. கோயில் சுமார் 3,580 மீட்டர் உயரத்தில். கீழே பள்ளத்தாக்கில் எங்கள் தளம். பகலெல்லாம் ஹெலிகாப்டர் ஏறி இறங்கும், எங்களுக்கு வேலை இருட்டிய பிறகுதான். மூன்றாம் நாள் பைலட் அதிர்வு கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தார். சென்ஸார் பொருத்தி அளந்து, ஒரு பிளேடின் சாய்வைக் கட்டுப்படுத்தும் பிட்ச் ராடை மாற்றி, அது கழலாமல் பிடிக்கும் லாக் வயரை முறுக்கி முடித்தேன். கட்டுப்பாட்டு அமைப்பைத் தொட்டால் இன்னொரு இன்ஜினியர் தனியாகச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். என்னோடு இருந்தவர் டார்ச் அடித்து ஒவ்வொரு முறுக்கையும் விரலால் தடவிப் பார்த்தார். காலையில் சோதனைப் பறப்பில் அதிர்வின் அளவு 0.2 ஐபிஎஸ்-க்கு (நொடிக்கு இத்தனை அங்குலம் என்ற அளவு) கீழே வந்தது. லாக்புக்கில் கையெழுத்துப் போட்டேன். முதல் ஐந்து பயணிகள் ஏறினார்கள், ஒரு பாட்டி கதவருகே என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அந்த ஹெலிகாப்டர் மலை மடிப்பில் மறைந்து, திரும்ப வந்து இறங்கும்வரை நான் டீ குடிக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து ஜூஹு திரும்பினேன். அடுத்த நாள் காலை 407 ஒன்றுக்கு வழக்கமான சோதனை. என் பழைய ஹெலிகாப்டர், கண்ணை மூடிக்கொண்டே எந்த நட்டு எங்கே என்று சொல்வேன். எஞ்சின் மூடியான கவ்லிங்கைத் திறந்து, முதல் நட்டில் ஸ்பானரை வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. திருப்பும் முன் கைப்பிடியைப் பார்த்தேன். 8 மில்லிமீட்டர். எடுத்துக்கொண்டு நடந்துபோய் நீலப் பெட்டியில் வைத்துவிட்டு, சிவப்புப் பெட்டியைத் திறந்தேன்.